கோலும் கையும்

செங்கோல், அளவுகோல், எழுதுகோல், ஊன்றுகோல், துலாக்கோல் எனத் தமிழிற் கோல்கள் பல உள. ஆட்சிக்கும் நீதிக்கும் கல்விக்கும் முதுமைக்கும் தனித்தனியே ஒரு கோலை வகுத்து வைத்தனர் நம் முன்னோர். மலையகத் தோட்டங்களிலே வளர்ந்த எமக்கு வேறு சில கோல்களும் தெரியும். கங்காணியின் கையிலிருந்த பிரம்பு ஒன்று. கொழுந்து பறிக்கும் மட்டம் தவறாதிருக்கச் செடியின் மேற் கிடத்தும் மட்டக்கம்பு மற்றொன்று. லயத்து வாசலிற் பிள்ளைகள் கிட்டியடிக்கும் குச்சி இன்னுமொன்று. இவற்றுள் எதிலும் சேராத ஒரு கோலைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுந்தோம். பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர், பூல் எனும் மேசை விளையாட்டுகளிற் பந்தை உந்தும் கோல் அது. விளையாட்டுப் பொருளுக்கு என்ன வரலாறு என்று வாசகர் கேட்கலாம். அண்மைக்காலம் வரை நாமும் அவ்வாறே கேட்டிருப்போம்.

எம்மை இவ்வாராய்ச்சியிற் புகுத்தியது பெருமைப்படத்தக்க நிகழ்ச்சி அன்று. நாம் கற்பிக்கும் பாடசாலையின் உயர்தர வகுப்பு மாணவர் சிலர், பாடவேளையிற் பதுளை நகரத்திலுள்ள பூல் கூடமொன்றிற் காணப்படுவதாகப் புகார் எழுந்தது. ஆசிரியர் இருவர் சென்று பிடித்து வரவேண்டும் என்று முடிவாயிற்று. அவ்விருவருள் நாமும் ஒருவர். கடைத்தெருவின் மாடி ஒன்றில், தாழ்ந்த விளக்குகளின் கீழ், தேய்ந்த பச்சைத் துணி விரித்த மூன்று மேசைகள் இருந்தன. எம் மாணவன் ஒருவன் அங்கே இருந்தான். ஆனால் அவன் விளையாடவில்லை. மூலையிற் குந்தியிருந்து, கோல்களின் நுனியிலே தேய்ந்துபோன தோலைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுத்தோல் ஒட்டிக்கொண்டிருந்தான். ஒரு கோலுக்கு இவ்வளவு என்று கூலி. பசறை வீதியின் மேலேயுள்ள தோட்டமொன்றிலிருந்து வருபவன்; பேருந்துக் கட்டணத்துக்கு அக்கூலி உதவுகிறது என்றான். "நான் வெளையாடுறதில்ல சேர். மேசைக்கு மணிக்கணக்குல காசு கட்டணும்" என்று அவன் சொன்னபோது, ஒழுக்கத்தைக் காக்கப் போன எமக்கு வாயடைத்துவிட்டது.

பிறர் விளையாடப் பணிசெய்யும் ஒருவனை இவ்விளையாட்டின் வரலாற்றில் எங்கும் காணலாம். அதை நாம் பின்னர்தான் அறிந்தோம்.

ஐரோப்பாவிற் புல்வெளியில் விளையாடிய பந்தாட்டம் ஒன்றைப் பிரபுக்கள் மழைக்கு அஞ்சி வீட்டுக்குள் மேசைமேல் ஏற்றியதே பில்லியர்ட்ஸ் என்பர். மேசையின் பச்சை நிறம் அப்புல்லின் நினைவு. தொடக்கத்தில் அவர்கள் கையாண்டது கோல் அன்று. தலை பருத்த தட்டுக்கட்டை. பந்து மேசையோரத்தை ஒட்டி நின்றுவிட்டால் அக்கட்டையைத் திருப்பி, அதன் மெல்லிய வாலாலே தள்ளினர். வாலுக்குப் பிரெஞ்சு மொழியில் 'கியூ' என்று பெயர். வாலே நாளடைவில் தலையை வென்றது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பாரிசிலே சிறையிலிருந்த மிங்கோ எனும் பிரெஞ்சுப் படைவீரர் கோல் நுனியில் தோலை ஒட்டும் முறையைக் கண்டார். தோல் பந்தைப் பற்றியது, பந்து சுழன்றது, பின்வாங்கவும் வளைந்து செல்லவும் கற்றது. ஒரு சிறு தோற்றுண்டு ஒரு விளையாட்டையே மாற்றிவிட்டது. அத்தோலைத்தான் எம் மாணவன் பதுளையில் ஒட்டிக்கொண்டிருந்தான்.

விளையாட்டு ஐரோப்பாவினது எனினும், அதன் பொருள்கள் எங்கிருந்து சென்றன என்று நோக்குதல் வேண்டும். கோலின் மேற்பகுதி 'ஆஷ்' எனும் குளிர்நாட்டு மரம். அடிப்பகுதிக்கு அவர்கள் விரும்பியது கருங்காலி. உலகச் சந்தையிலே கருங்காலி என்றால் இலங்கைக் கருங்காலிக்குத் தனி மதிப்பு. நீரில் இட்டால் மூழ்கும் பாரமும், கண்ணாடிபோல் மெருகேறும் கருமையும் அதன் சிறப்பு. நம் நாட்டின் வறண்ட காடுகளில் மிக மெதுவாக வளரும் அம்மரம் வெட்டப்பட்டுக் கப்பலேறியது. இன்று அதை வெட்டுவதும் விற்பதும் சட்டத்தாற் கட்டுப்படுத்தப்பட்டுள்ளன, எஞ்சியது அவ்வளவே. தமிழ்த் தொழிற்சங்க வழக்கில், வேலைநிறுத்தத்தை உடைப்பவனைக் கருங்காலி என்று ஏசுகிறோம். கோடரிக்குக் காம்பாகித் தன் இனத்தையே வெட்ட உதவுவதாற் பெற்ற பெயர் என்பர் சிலர். ஆங்கில வசைச்சொல்லின் நேர்பெயர்ப்பு என்பர் வேறு சிலர். எதுவாயினும், வெட்டுண்டு கப்பலேறிய மரத்தின்மீது அப்பழியைச் சுமத்துவது நியாயமாகத் தோன்றவில்லை.

பந்தின் கதை இதனினும் கொடிது. 19-ஆம் நூற்றாண்டிற் பந்துகள் யானைத் தந்தத்தாற் செய்யப்பட்டன. தந்தத்தின் நடுவோடும் நரம்புக்குழி பந்தின் மையத்தில் அமையுமாறு கடைய வேண்டும். ஆதலின் ஒரு தந்தத்திலிருந்து மூன்று நான்கு நல்ல பந்துகளே தேறும். 1863-இல் அமெரிக்க வணிகர் இருவர் தந்தத்துக்கு மாற்றுப்பொருள் காண்பார்க்குப் 10,000 டாலர் பரிசு அறிவித்தமைக்கு யானைகள்மீது கொண்ட இரக்கம் காரணமன்று, தந்தத்தின் விலை. அப்போட்டியில் ஊக்கங்கொண்டு 1869-இல் ஹையட் என்பார் செலுலாயிட்டை உருவாக்கினார். நம் வீடுகளை நிறைத்துள்ள செயற்கைப் பொருள்கள் அனைத்திற்கும் முன்னோடிகளுள் ஒன்று பில்லியர்ட்ஸ் பந்து என்றால் வியப்பாக இல்லையா?

யானை என்றதும் பதுளைக்காரர் நினைவுக்கு வரவேண்டிய ஒருவர் உளர். பதுளையிற் படைத்தலைவராகவும் அரசாங்க அதிகாரியாகவும் இருந்த மேஜர் றொஜர்ஸ், 1,400-க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டுக்கொன்றவர் என்று கூறப்படுகிறது. 1845-இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். பதுளையின் புனித மாற்கு ஆலயம் அவர் நினைவோடு தொடர்புடையது. இலங்கை யானைகளுள் தந்தமுடையவை மிகச் சில. எனவே அவர் கொன்ற யானைகள் பந்துகளாயின என்று நாம் கூறவரவில்லை. கொலையே அவர்க்கு விளையாட்டாக இருந்தது என்பதே செய்தி. வெள்ளியாலான கோப்பைக்கும் யானையின் உயிருக்கும் ஒரே சொல்லை வழங்கியது அவர்தம் மொழி: இரண்டுமே 'ஸ்போர்ட்'.

யானை திரிந்த மலைச்சாரல்களில் முதலிற் கோப்பியும், 1869-இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலையும் எழுந்தன. தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து மக்கள் வந்தனர்; எப்படி வந்தனர், எத்தனை பேர் வழியில் மாண்டனர் என்பதை இவ்வாசகர்க்கு மீண்டும் சொல்ல வேண்டியதில்லை. துரைமார் தனித்தனி மலையுச்சிகளில் வாழ்ந்தனர். மாலையில் ஒன்றுகூட அவர்க்குக் கழகங்கள் தேவையாயின. 1876-இல் நுவரெலியாவில் மலைக்கழகம் தோன்றியது. ஊவாத் துரைமார்க்கும் பதுளை, பண்டாரவளைப் பகுதிகளிற் கழகங்கள் இருந்தன. மதுவறை, சீட்டு மேசை, பில்லியர்ட்ஸ் அறை ஆகிய மூன்றும் இல்லாதது கழகமே அன்று.

பில்லியர்ட்ஸ் மேசை என்பது சிறு பொருளா? 12 அடி நீளம், 6 அடி அகலம். துணியின் கீழே கனத்த கற்பலகைகள். எல்லாம் சேர்ந்து ஒரு தொன்னுக்கு மேற்பட்ட பாரம். பதுளைக்குப் புகையிரதம் வந்தது 1924-இல்தான். அதற்கு முன் இத்தகைய பாரங்கள் மலையேறியது வண்டியிலும் மனிதர் தோளிலுமே. கற்பலகை சுமந்த தோளுக்குரியவர் அவ்வறையுள் நுழைந்தது அன்றொரு நாள் மட்டுமே.

ஒருவர் மட்டும் நாள்தோறும் நுழைந்தார். அவருக்கு 'மார்க்கர்' என்று பெயர். புள்ளிகளைக் குறித்தல், விழுந்த பந்தை எடுத்து வைத்தல், கோலுக்குச் சோக்கு இடல், துணியைத் தூரிகையால் நீவுதல், பந்துகளைத் துடைத்தல் யாவும் அவர் கடமை. இந்தியாவிலும் இலங்கையிலும் கழகம் தோறும் இருந்த இம்மார்க்கர், ஆயிரக்கணக்கான ஆட்டங்களைக் கண்ணாற் கற்றவர். துணைக்கு ஆள் இல்லாத துரைக்கு எதிராடும்படி அழைக்கப்படுவதும் உண்டு. அப்பொழுது வெல்லலாகாது என்பதையும் அவர் கற்றிருந்தார். கழகங்களின் நூற்றாண்டு மலர்களில் வென்ற துரைமாரின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கும். மார்க்கர் இருந்தால் நிழற்படத்தின் ஓரத்தில் இருப்பார், பெயர் இராது. 1927-ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் வழியே உயர்மலைத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் நாட்கூலியாக நிர்ணயமாயின. நல்ல கோல் ஒன்று அத்தொழிலாளிக்கு எத்தனை மாத உழைப்பு என்று கணக்கிட வேண்டிய தேவையே எழவில்லை. கேட்டு வாங்கும் நிலையில் அவரை எவரும் வைக்கவில்லை.

ஸ்னூக்கர் எனும் ஆட்டம் இங்கிலாந்தில் அன்றி இந்தியாவிற் பிறந்தது. 1875-இல் ஜபல்பூரில் மழைக்காலத்தைக் கழிக்க வகையறியாத படையதிகாரிகளுள் ஒருவரான நெவில் சேம்பர்லேன், பழைய ஆட்டம் ஒன்றில் நிறப்பந்துகளைச் சேர்த்து இதனை அமைத்தார். (பின்னாளிற் பிரித்தானியப் பிரதமரானவர் வேறொருவர்.) படைப்பள்ளியிற் புதிதாகச் சேர்ந்த கடைநிலை மாணவனை அக்காலத்தில் 'ஸ்னூக்கர்' என்று இகழ்வர். எளிய பந்தைத் தவறவிட்ட தோழரை அவர் அப்படி அழைக்க, இகழ்ச்சிப் பெயரே ஆட்டத்தின் பெயராயிற்று. பின்னர் அவர் நீலகிரிக்கு மாற்றலாகி வந்தார். 1882-இல் உதகமண்டலம் கழகத்தில் இவ்வாட்டத்தின் விதிகள் எழுதப்பட்டன. தமிழ் மண்ணின் மலையொன்றில், தமிழர் நுழையமுடியாத அறையொன்றில், உலகெங்கும் ஆடப்படும் ஆட்டமொன்றின் சட்டம் வகுக்கப்பட்டது.

அம்மலைக்கும் பதுளைக்கும் இடையே வேறொரு சட்டமும் பாலம் அமைத்தது. 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தனர்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. சம்பந்தப்பட்ட மக்களை எவரும் கேட்கவில்லை. பதுளையிற் புகையிரதம் ஏறித் தலைமன்னாரிற் கப்பலேறியோருட் பலர் நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டங்களிற் குடியமர்த்தப்பட்டனர். அவர்களுக்கெனவே 1968-இல் அத்திட்டம் தொடங்கப்பட்டது. ஒரு மலையில் கொழுந்து பறித்தவர் மற்றொரு மலையில் கொழுந்து பறிக்கச் சென்றார். மேசைமேற் பந்துகளைக் கையிற் கோலுடையோர் பகிர்ந்துகொள்வது போன்றதுதான் அவ்வொப்பந்தமும் என்று எழுதத் தோன்றுகிறது. ஆனால் பந்துக்குக் குடும்பம் இல்லை.

1972-ஆம் 1975-ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தோடு பிரித்தானியக் கம்பனிகளின் காலம் முடிந்தது, துரைமார் சென்றனர். கழகங்களுட் சில நலிந்தன, சில கைமாறின. அதே காலத்தில், 1973-இல், பம்பாயில் நடந்த உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் போட்டியில் இலங்கையின் எம். ஜே. எம். லாபிர் வென்றார். இந்நாட்டவர் ஒருவர் விளையாட்டுத் துறையிற் பெற்ற முதல் உலகப் பட்டமாக அது போற்றப்படுகிறது. இந்தியாவுக்கு 1958-இல் கல்கத்தாவில் வில்சன் ஜோன்ஸ் பெற்றுத்தந்ததும் இவ்வாட்டத்தின் உலகப் பட்டமே. கிரிக்கெட் வீரரின் பெயரைத் தூக்கத்திலும் சொல்லும் எம் மாணவர் நாற்பது பேருள் லாபிரின் பெயரை அறிந்தவர் ஒருவரும் இலர். கேட்ட எமக்கும் சென்ற ஆண்டுவரை தெரியாது.

இனி எம் கோலின் கதைக்கு வருவோம். கூடத்திற் கண்ட மாணவனோடு பேசியபின், அந்த ஆட்டத்தைக் கற்றுத்தான் பார்ப்போமே என்று தோன்றிற்று. சனிக்கிழமைகளில் அங்குச் செல்லலானோம். அதிபர் அறையில் இதுபற்றிச் சில முணுமுணுப்புகள் எழுந்ததுண்டு. கூடத்துக் கோல்கள் வெளிநாட்டிலிருந்து மலிவாக வரும் மென்மரத்தாலானவை. பதுளையின் மார்கழி ஈரத்தில் வில்லாக வளைந்தவை. இங்கிலாந்திற் கையாற் செய்யும் கோலின் விலையோ எம் சம்பளத்தை விழுங்கிவிடும். "எங்க தாத்தாக்கிட்ட சொல்லவா சேர்?" என்று அம்மாணவன் கேட்டான்.

அவன் பாட்டனார் எண்பதைக் கடந்தவர். தோட்டத்துத் தொழிற்சாலையில் தச்சுப் பாஸாக இருந்து ஓய்ந்தவர். அண்ணன் குடும்பம் கூடலூருக்குக் கப்பலேறியது, இவர் நின்றுவிட்டார். லயத்தின் பின்புறம் தகரக் கொட்டகையில் இழைப்புளிகள் வரிசையாகத் தொங்கின. நாம் வந்த காரியத்தைச் சொன்னதும் அவர் சிரித்தார். 1960-களில், தொழில் பழகும் இளைஞனாக அவர் இருந்தபோது, கழகத்துக் கோல் உடைந்தால் அவருடைய குருவிடமே வருமாம். "தொரமாரு குச்சி ஒடஞ்சா இங்கதான் வரும் மாஸ்டர். ஒட்டி, எழச்சு, எண்ண போட்டுக் குடுப்போம். புடிச்சுக் குனிஞ்சு பாத்ததில்ல. பின்பக்கத்து வாசலோட சரி."

அவரிடம் பழைய கோல் ஒன்றின் மேற்பகுதி இருந்தது. பங்களா ஒன்றின் பழம்பொருள்களை விற்றபோது விறகோடு விறகாக வந்ததாம். ஆஷ் மரம்; நுனி நோக்கிய அம்புமுனைகள் போல ரேகைகள் அடுக்கடுக்காய் ஓடின. கையில் உருட்டிப் பார்த்து, ஒரு கண்ணை மூடி அதன் நெடுகே நோக்கி, "இது நேரா இருக்கு" என்றார். அடிப்பகுதிக்குக் கருங்காலி கிடைக்குமா என்று அறியாமையாற் கேட்டோம். வெட்டினால் உள்ளே போடுவார்கள் என்று சொல்லிவிட்டு, இடிந்த வீடொன்றின் நிலைச்சட்டத்திலிருந்து எடுத்து வைத்திருந்த முதிரைத் துண்டைக் காட்டினார். மொனராகலைப் பக்கத்துக் காட்டு மரம். ஐம்பது ஆண்டு வாசலாக நின்று உலர்ந்தது. தோட்டத்திலே நிழலுக்கு நிற்கும் சவுக்கு ஆகாதா என்றோம்; இலேசான மரம், கைக்குப் பாரம் தராது என்றார்.

அவர் வேலை செய்த முறையை நாம் ஐந்து வாரம் பார்த்தோம். கடைசல் இயந்திரம் இல்லை; வேண்டவும் இல்லை. மேற்பகுதியின் அடியை நான்கு பக்கமும் சீவி நீண்ட ஆப்பாக்கினார். முதிரையை நான்கு பட்டைகளாக அறுத்து, ஒவ்வொரு முகத்திலும் ஒன்றாக வைத்து ஒட்டினார்; ஒரு பட்டை ஒட்டினால் ஓரிரு நாள் பொறுத்தே அடுத்தது. நான்கும் சேர்ந்தபின் சதுரமாயிருந்ததை எட்டுமுகமாக்கினார், எட்டைப் பதினாறாக்கினார், அதன்பின்னரே வட்டம். வட்டமானபோது நான்கு மஞ்சள் நாக்குகள் ஆஷ் மரத்துக்குள் ஏறி நின்றன. ஒவ்வொரு இழைப்புக்கும் பின்னர் கோலைக் கூரையிலிருந்து கயிற்றிற் கட்டித் தொங்கவிட்டுச் சில நாள் விட்டுவிடுவார். மரம் தன் மனம்போல் வளைந்து முடியட்டும், பிறகு திருத்தலாம் என்பது அவர் கொள்கை. மாணவர் விடயத்தில் நாம் அத்தனை பொறுமை காட்டுவதில்லை. நுனியிற் பூண் ஆகப் பித்தளைக் குழாய்த் துண்டொன்றை அராவிப் பொருத்தினார். முடிவில் ஆளி எண்ணெயைத் துணியில் தொட்டு, உள்ளங்கை சூடேறும்வரை தேய்த்தார். நுனித்தோலைப் பேரன் ஒட்டினான்.

விலை 5,500 ரூபாய். 2024-இல் தோட்டத் தொழிலாளிக்கு நிர்ணயமான நாட்கூலி 1,350 ரூபாய். நான்கு நாட் கூலிக்குச் சற்று மேல். ஐந்து வார வேலைக்கு இது போதுமா என்று கேட்டதற்கு, "கையி மறந்திருச்சான்னு பாத்தேன் மாஸ்டர், மறக்கல" என்று மட்டும் கூறினார். மேலும் ஓராயிரம் கொடுத்தோம். பேரன் கையிற் கொடுக்கும்படி சொன்னார்.

எம் ஆட்டத்தைப் பற்றி விரித்தெழுத ஒன்றுமில்லை. முதல் நாளில் நுனி வழுக்கிப் பந்து மேசையை விட்டுத் தாவி, தேநீர்க் கோப்பையொன்றை உடைத்தது. ஆயினும் நேரிய கோல் ஒன்று கையிலிருந்தால் தவறு கோலுடையது என்று சொல்லித் தப்ப முடியாது; அது ஒரு கல்வி. கூடத்திற் காசு வைத்து ஆடுவோரும் உளர். பூல் எனும் பெயரே பந்தயத் தொகையைத் திரட்டுவதிலிருந்து வந்தது. அதைக் காரணமாகக் காட்டிப் பெரியோர் இவ்வாட்டத்தைப் பழிக்கின்றனர். நுவரெலியாவில் துரைமார் கட்டிய குதிரைப்பந்தயத் திடலைச் சுற்றுலாப் பெருமையாகக் காட்டும் அதே பெரியோர், லயத்துப் பிள்ளை கோலைத் தொட்டால் உருப்படமாட்டான் என்கின்றனர். கழகத்தின் பின்வாசலை இன்று நாமே காவல் செய்கிறோம் போலும். அம்மாணவன் இப்பொழுது ஞாயிறு தோறும் எம் கோலை எடுத்து ஆடுகிறான். மேசைக் கட்டணம் எம்முடையது. பாடவேளையில் வரலாகாது என்பது நிபந்தனை. எட்டாவது வாரத்தில் எம்மை வென்றான். வெல்லலாகாது என்ற பாடத்தை அவன் கற்கவில்லை என்பதில் எமக்கு மகிழ்ச்சியே.

சென்ற தை மாதம் மருத்துவமனைக்கு வந்த முதியவரைக் கூடத்துக்கு அழைத்துச் சென்றோம். படியேறக் கால்நாழிகை ஆயிற்று. பேரன் ஆடுவதைச் சிறிதுநேரம் பார்த்தார். கோலை அவர் கையில் நீட்டினோம். வாங்கினார், குனியவில்லை. விளக்கின் கீழே பிடித்து, ஒரு கண்ணை மூடி, நெடுகே நோக்கினார். பிறகு மேசையின் ஓரத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்தி, இந்தக் காலின் அடியில் ஒரு சக்கை கொடுக்க வேண்டும், பந்து இந்தப்பக்கமே ஓடும் என்று கடைக்காரரிடம் சொன்னார். கோலைச் சுவரிற் சாய்க்காமல் மேசைமேற் கிடத்திவிட்டு, "ஐப்பசி மழை முடிஞ்சோன கொண்டாங்க மாஸ்டர், ஒருக்கா பாத்துத் தாறேன்" என்று படியிறங்கத் தொடங்கினார்.